தேய்ந்துபோன பெயர்

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தோம். வட்டமான வெள்ளித் துண்டு. ஒரு பக்கத்திலே ஐந்தாம் சார்சு மன்னர் இருந்தாராம். இப்போது மூக்கும் இல்லை, முகவாயும் இல்லை, முடிவேந்தர் வெறும் மேடாகிவிட்டார். மறுபக்கத்திலே குதிரைமீது ஒரு வீரன் இருந்தானாம். குதிரை கரைந்து நிழலாகிவிட்டது, வீரன் அந்த நிழலின்மேல் ஒரு கறையாகிவிட்டான். 1914, 1918 என்ற ஆண்டுகள் மட்டும், விரலால் தடவினால், இருக்கிறோம் இருக்கிறோம் என்று முனகுகின்றன.

"ஏனுங்க, இப்படி வழவழவென்று ஆகிவிட்டதே?" என்று கேட்டோம்.

பெரியவர் பெருமிதத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். "வருசம் தவறாம ஆயுத பூசைக்குத் திருநீறு போட்டுத் தேச்சுக் குங்குமம் வெச்சுக் கும்புடறமுங்க வாத்தியாரே. எங்கய்யன் காலத்துலயும் விட்டதில்லீங்க, எங்காலத்துலயும் விட்டதில்லீங்க."

"யாருடைய பதக்கம்?"

"எங்க பூட்டனாருதுங்க. மொதலாம் சண்டைக்குப் போயிட்டு வந்தவருங்க."

"அவர் பெயர்?"

பெரியவர் சுவரைப் பார்த்தார். சுவரிலே முருகன் இருந்தார், காமாட்சி இருந்தார், நாட்காட்டி இருந்தது. பூட்டனார் இல்லை. "பட்டாளத்துப் பூட்டன்னுதானுங்க சொல்லுவோம்" என்றார், குரலைத் தாழ்த்தி.

அந்தப் பதக்கத்தின் முகத்திலே இருந்தவர் மன்னர். அவரை உலகம் அறியும். அவர் முகம் அழிந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் முதல் உலகப் போர்ப் பதக்கத்தின் விளிம்பிலே, நெற்கனம் உள்ள அந்த ஓரத்திலே, வீரனின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றைப் பொறித்துக் கொடுத்தார்கள். நாம் உருப்பெருக்காடியை வைத்து விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். எண் இல்லை. பதவி இல்லை. பெயர் இல்லை. ஓரிடத்திலே மட்டும் நான்கு ஆங்கில எழுத்துகள் எஞ்சியிருந்தன. என்ன எழுத்துகள் தெரியுமா, தோழர்களே? பெயருக்குப் பின்னால் தொங்கிய சாதிப் பட்டத்தின் வால்!

ஆளைத் தேய்த்து அழித்தாயிற்று. வால் மட்டும் மிச்சம். நூறாண்டு வழிபாட்டின் பயன் அதுதான்.

சிரிக்க வேண்டுமென்றுதான் முதலில் தோன்றிற்று. பகுத்தறிவு பேசுகிற வாய் அல்லவா, சிரிப்பு அதன் நுனியிலேயே இருக்கும். ஆனால் அடுத்த வாரமே நம் கையும் அதே குற்றத்தைச் செய்தது. அதைச் சொல்லாமல் இதைமட்டும் எழுதினால் நாம் அறிவுரை வணிகராகிவிடுவோம். ஆகவே அதையும் சொல்லுகிறோம்.

நொய்யலாற்றுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலே நாம் ஆசிரியப் பணி புரிகிறோம். ஆண்டுதோறும் டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். 1949 முதல் நடைபெறுகிறது. பள்ளியிலே என்ன நடக்கும்? ஒரு உண்டியல் வரும், சட்டையிலே குத்திக்கொள்ளச் சிறு கொடி வரும், பிள்ளைகள் காசு போடுவார்கள், மணி அடிக்கும், கணக்குப் பாடம் தொடங்கும். சென்ற முறை ஓர் எண்ணம் எழுந்தது. நம் ஊரிலிருந்தே போருக்குப் போனவர்கள் உண்டே, அவரவர் வீட்டிலே கிடப்பவற்றைத் திரட்டி ஒருநாள் காட்சிக்கு வைத்தாலென்ன? பிள்ளைகளிடம் சொன்னோம். சொன்ன மறுநாளே வகுப்பறை கிடங்காகிவிட்டது.

என்னென்னவோ வந்தன! உணவு உண்ணும் தகரக் குவளை, தோல் வெடித்த இடைவார், ஒற்றைப் பூட்சு, ஒலிக்காத ஊதல், 1971 போரிலே பணியாற்றியவரின் சீருடைப் பொத்தான்கள். பர்மா நட்சத்திரம் ஒன்று வந்தது. அதே தெருவின் எதிர்ச் சாரியிலிருந்து, 1972இல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு அரசு வழங்கிய செப்புப் பட்டயம் ஒன்றும் வந்தது. பட்டயத்துக்கு உரியவர் மலேயாவுக்கு இரப்பர்த் தோட்ட வேலைக்குப் போய், இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர். 1944இல் அவர் பர்மாவின் ஒரு புறம், நட்சத்திரக்காரர் மறுபுறம். ஒருவரையொருவர் சுட்டிருக்கலாம். திரும்பிவந்த பிறகு இருவரும் ஒரே கிணற்றடியில் ஒரே பாத்தியைப் பகிர்ந்துகொண்டு தண்ணீர் கட்டினார்கள் என்று இரு வீட்டாரும் சொன்னார்கள்.

ஒரு வாளும் வந்தது. தீரன் சின்னமலையின் படையிலே சுழன்ற வாள் என்று வீட்டார் கூற்று. சான்று எதுவும் இல்லை. ஆனால் ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் வெள்ளையனை எதிர்த்து நின்று, 1805 சூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையிலே தூக்கிலிடப்பட்ட அந்த மாவீரனின் பெயரைத் தம் வீட்டு இரும்போடு சேர்த்துப் பேச எந்தக் கொங்கு நாட்டுக் குடும்பந்தான் விரும்பாது? விட்டுவிட்டோம். அந்த வாளின் முனை ஓர் அங்குலத்துக்கு அரித்துப் போயிருந்தது. மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்க, முனையை மட்டும் கரையான் தின்றதுபோல் யார் தின்றது? எலுமிச்சம்பழம்! ஆண்டுதோறும் பூசையிலே முனையில் எலுமிச்சம்பழத்தைக் குத்தி, அது வாடி வதங்கும்வரை விட்டுவைப்பார்களாம். பழத்தின் புளிப்பு இரும்பைத் தின்னாமல் என்ன செய்யும்? பகைவன் ஒடிக்காத வாளைப் பழம் தின்றுவிட்டது. ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே இரும்பை உருக்கி எஃகு செய்த கொடுமணல் இதே நொய்யல் கரையில்தான் இருக்கிறது. அங்கே ஈமக் குழிகளிலே வாளும் வேலும் அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். மண்ணுக்கடியிலே உருத்தெரியக் கிடந்தவை அவை; நம் வீட்டுப் பூசையறையிலே இருநூறு ஆண்டு தாங்கவில்லை!

இவற்றோடு, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு சுருக்குப்பையைக் கொண்டுவந்தாள். உள்ளே பழைய சேலைத் துணி. துணிக்குள்ளே கன்னங்கரேலென்று ஒரு வட்டம். ஊர்க்கோடிக் குடியிருப்பிலிருந்து வருகிறவள் அவள். அந்தக் குடியிருப்பை ஊரார் இன்னமும் 'காலனி' என்றுதான் சொல்லுகிறார்கள். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்திலே முதலமைச்சர் அறிவித்தார். ஆவணத்திலிருந்து நீக்க ஓர் ஆணை போதும். நாவிலிருந்து நீக்க?

"எங்க அப்பத்தாவோட தாத்தாதுங்க சார். பெட்டிக்குள்ளயே கிடந்துச்சு" என்றாள்.

கருமையைக் கண்டதும் நம் கை பரபரத்தது. காட்சி வைப்பதென்றால் பளிச்சென்று வேண்டாமா? ஏழை வீட்டுப் பொருள் மட்டும் இருண்டு கிடக்கலாமா? நல்லெண்ணந்தான்! நயமான உப்புத்தாள் ஒன்றை எடுத்து விளிம்பிலே ஓர் ஓரத்தைத் தேய்த்தோம். செம்பொன்போல் ஒரு கீற்று மின்னிற்று. "பார்த்தாயா!" என்று அவளிடம் காட்டினோம். அவள் கண் நம்மைவிடக் கூர்மையானது. "சார், அங்க ஏதோ நம்பர் இருந்துச்சுங்க" என்றாள்.

கையை எடுத்தோம். உருப்பெருக்காடியை வைத்தோம். ஆம், எண் இருந்தது. அதன் முதல் இலக்கம் இருந்த இடத்திலேதான் நம் உப்புத்தாள் மின்னிக்கொண்டிருந்தது.

நூறாண்டுக் காலம் பஞ்சமும் மழையும் கூரை ஒழுக்கும் தொடாத ஓர் இலக்கத்தை, கலைப் பட்டம் பெற்ற விரல் ஒரு நிமிடத்திலே அழித்துவிட்டது. திருநீறு போட்டுத் தேய்த்தவருக்காவது பக்தி என்ற காரணம் இருந்தது.

அன்று மாலையே, அருங்காட்சியகப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற அன்பர் ஒருவரைக் கோவையிலே தேடிச் சென்று, செய்ததைச் சொன்னோம். அவர் சினக்கவில்லை. "எல்லாரும் தேய்க்கத்தான் செய்கிறார்கள்" என்றார். பிறகு இரண்டு மணிநேரம் பாடம் நடந்தது. நாம் மாணவர், அவர் ஆசிரியர். சென்னை அருங்காட்சியகத்திலே 1930ஆம் ஆண்டிலேயே, செப்புத் திருமேனிகளை அரித்த நோயைத் தீர்க்க வேதியியல் ஆய்வுக்கூடம் ஒன்று தொடங்கினார்கள் என்பதை அன்றுதான் அறிந்தோம். கற்றதை இங்கே சொல்லிவைக்கிறோம். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒன்று இருக்கக்கூடும்.

வெண்கலத்தின்மேல் படிந்த கருமை அழுக்கன்று. அது தன்னைக் காத்துக்கொள்ள உலோகம் போர்த்திய போர்வை. புளி, எலுமிச்சை, சாம்பல், செங்கற்பொடி, கடையிலே விற்கும் பளபளப்புப் பசை எதுவும் ஆகாது. மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். வெறுங்கையால் தொட்டால் வியர்வையின் உப்பு ஒட்டிக்கொண்டு மெல்ல அரிக்கும். பருத்திக் கையுறை வேண்டும், அல்லது விளிம்பை மட்டும் துணியால் பிடிக்கவேண்டும். நெகிழி உறையிலே போட்டு மூடினால் அது வெளியிடும் ஆவி உலோகத்தைக் கெடுக்கும். கம்பளித் துணி வெள்ளியைக் கறுக்கச் செய்யும். புது மரப்பெட்டியின் ஆவியும் பகை. அமிலம் இல்லாத தாளிலே பொதிந்து வைப்பதே நலம். பதக்கத்தின் நாடாவை வெயில்படும் இடத்திலே வைத்தால் சாயம் வெளுத்துவிடும். வெள்ளிப் பதக்கத்துக்கு உரிய நாடா நடுவிலே செம்மஞ்சள், இருபுறமும் வெள்ளை, கருப்பு, நீலம். அந்தப் பெரியவர் வீட்டு நாடா, பாவம், முழுவதும் குங்குமச் சிவப்பு! வாளுக்கு நீர் ஆகாது. துருவை மெல்லத் துடைத்து, மெழுகு பூசிவைக்க வேண்டும். பழைய பணிநிறைவுச் சான்றுகளைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சூடேற்றி நெகிழிக்குள் அடைத்துக்கொண்டு வருகிறார்களே, அது காகிதத்துக்குச் செய்யும் அடக்கம். கிழிந்திருந்தால் ஒட்டுநாடா கூடாது. கோதுமைப் பசையும் மெல்லிய தாளும் போதும். நம் பள்ளிக்கு வந்த ஏழு சான்றுகளில் ஐந்து ஏற்கெனவே அடக்கம் செய்யப்பட்டவை.

மறுநாள் அந்தக் கருப்பு வட்டத்தை வெளிச்சத்திலே சாய்த்துச் சாய்த்து நானும் நீயும் என்று மாணவர்கள் படித்தார்கள். முதல் இலக்கம் போன எண். அடுத்து அவர் பெயர், முழுமையாக, ஓர் எழுத்துக்கூடக் குறையாமல். அடுத்து கூலிப் படைப்பிரிவின் பெயர். சாதிப் பட்டம் இல்லை. அவருக்கு அப்படி ஒன்றை யார் கொடுத்தார்கள், பொறிப்பதற்கு!

"ஏன் சார் அது வெள்ளி, இது வெண்கலம்?" என்று கேட்டான் ஒரு மாணவன்.

நல்ல கேள்வி. அதே போர், அதே மன்னர் முகம், அதே குதிரை. அச்சு ஒன்றுதான். ஆனால் துப்பாக்கி ஏந்தியவருக்கு வெள்ளியிலே வார்த்தார்கள். மூட்டை சுமந்தவருக்கும் மண் வெட்டியவருக்கும் வெண்கலத்திலே வார்த்தார்கள். சீனத்துக் கூலிப் படையினருக்கும் மால்ட்டாவினருக்கும் அப்படியே. உலோகத்திலும் வருணாசிரமம்! வெள்ளையனுக்கு மனுவை யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தியாவிலிருந்து அந்தப் போருக்குச் சேவை தந்தவர் 14 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவருள் 5 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஆயுதம் ஏந்தாப் பணியாளர். மாண்டவர் ஏறத்தாழ 74,000. சிப்பாய்க்கு மாதம் 11 ரூபாய் சம்பளம். 'ஏகாதிபத்தியத்தின் கூலிகள்' என்று இவர்களை ஒரு சொல்லில் ஒதுக்கிவிடலாமே, நாம் ஏன் நினைவு கொண்டாட வேண்டும் என்று கேட்கும் தோழர் உண்டு. ஏகாதிபத்தியத்துக்கு நாம் விளக்கேற்றவில்லை. 1942 ஆகஸ்டில் இதே கோவைச் சீமையில் சூலூர் விமானத்தளத்துக் கொட்டகைகளைக் கொளுத்திய உழவர்களும் நம்மவர்தாம். அதே ஆண்டிலே மூட்டை கட்டிக்கொண்டு பட்டாளத்துக்குப் போனவர்களும் நம்மவர்தாம். போர்வெறி நம் கொள்கையன்று. ஆயினும் 1962இல் சீனப் படை எல்லையைக் கடந்தபோது, அறிஞர் அண்ணா பிரிவினைக் கிளர்ச்சியை ஒதுக்கிவைத்துவிட்டு நாட்டின் காப்புக்குத் துணைநின்றாரே, அந்த வழியில் வந்தவர்களுக்கு, போர்முனைக்குப் போன மனிதனை அவனை அனுப்பிய அரசிலிருந்து பிரித்துப் பார்க்கத் தெரியவேண்டும்.

காட்சிக்கு முந்திய நாள். மேசைகளைப் போட்டோம். ஊர்ப் பெரியவர்கள் சிலர் வந்தார்கள். வெள்ளிப் பதக்கத்துப் பெரியவரும் வந்தார். வாளும் வெள்ளிப் பதக்கமும் முன்னால், பட்டுத் துணி விரித்து, மாலை போட்டு, விளக்கு வைத்து என்று அவர்களாகவே வரிசை வகுத்தார்கள். சுருக்குப்பையிலிருந்து வந்த வட்டத்தைப் பார்த்தார் ஒருவர். "இதைய அந்த ஓரமா வெச்சுக்கலாமுங்க" என்றார். குரலிலே வன்மம் இல்லை. அதுதான் கொடுமை. நாற்காலியை நகர்த்தச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஏனுங்க?" என்றோம்.

"அவரு சண்டைக்குப் போகலீங்களே. சொமை தூக்கத்தானுங்களே போனாரு."

அந்த மாணவி கதவோரம் நின்றிருந்தாள்.

நாம் வரலாறு கற்பிக்கிறவர். ஆகவே வரலாற்றையே கூப்பிட்டோம். மெசபடோமியாவிலே, இன்றைய ஈராக்கிலே, கூத் என்ற ஊரில் 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் 29 வரை ஒரு படை முற்றுகையிலே சிக்கிக் கிடந்தது. இந்தியச் சிப்பாய்களே அதிலே பெரும்பகுதி. துப்பாக்கிக்கா பஞ்சம்? வீரத்துக்கா பஞ்சம்? சோற்றுக்குப் பஞ்சம். குதிரைகளை அறுத்துத் தின்றார்கள், இறுதியிலே சரணடைந்தார்கள். மீட்க முனைந்த படைக்கோ, பாசுராத் துறைமுகத்திலே கப்பலிலிருந்து இறக்கப் போதிய துறை இல்லை, ஆற்றுக்கு ஏற்ற படகு இல்லை, சாலை இல்லை. அதற்குப் பிறகுதான் துறை கட்டினார்கள், பாதை போட்டார்கள், இருப்புப்பாதை இட்டார்கள். மறு ஆண்டே பாக்தாதைப் பிடித்தார்கள். கட்டியது யார்? போட்டது யார்? ஓரமாக வைக்கச் சொல்கிறீர்களே, இவரைப் போன்ற ஆயிரமாயிரம் பேர்.

பெரியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஒப்பினார்கள் என்று சொல்லமாட்டோம்.

இன்னொன்றையும் சொன்னோம், அது அவர்களுக்குச் சுட்டது. "சண்டைக்கு உரிய சாதி, உரியதல்லாத சாதி என்று பிரிப்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லைங்க. அதே தராசிலே வெள்ளைக்காரன் உங்களையும் நிறுத்தான்" என்றோம். இராபர்ட்சுப் பிரபு என்பவர், 1881 முதல் சென்னைப் படைக்கும் பிறகு இந்தியப் படை முழுமைக்கும் தலைவராக இருந்தவர், தெற்கத்தியான் போருக்கு லாயக்கற்றவன் என்று தீர்மானித்தார். 'வீர இனங்கள்' என்று வடபுலத்தில் சிலவற்றைப் பொறுக்கியெடுத்து, சென்னைப் படைப்பிரிவுகளை ஒவ்வொன்றாகக் கலைத்துக்கொண்டே வந்தார்கள். 1758இல் பிறந்த மெட்ராசு ரெசிமெண்டின் மரபு, இரு உலகப் போர்களுக்கு இடையிலே அறவே அறுந்தது. இரண்டாம் போரின் நெருக்கடி கழுத்தைப் பிடித்தபோதுதான் மீண்டும் தமிழனைத் தேடினார்கள். இன்று அதன் நடுவம் நமக்கு அண்மையிலேயே, குன்னூரை அடுத்த வெலிங்டனிலே இருக்கிறது. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியிலே, கண்ணிவெடியொன்று வெடிக்கவிருந்த நொடியில் அதன்மேல் தன் உடலைப் போர்த்தித் தோழர்களைக் காத்து மாண்ட சுபேதார் சுப்பிரமணியன், சென்னைச் சாப்பர்கள் படையினர். அவருக்குச் சார்சு சிலுவை வழங்கினார்கள். அவர் ஆற்றிய பணி என்ன? கண்ணி அகற்றுவது, பாதை போடுவது, பாலம் கட்டுவது. அவரையும் ஓரமா வைப்போமுங்களா?

ஒருவர் எழுந்து, "மணியாச்சு" என்றார்.

பிறகு வரிசையை எப்படி வகுப்பது? ஆண்டு வரிசை என்றால் வாள் முந்தும். பதவி வரிசை என்றால் கூலி பிந்துவார். உலோக வரிசையை வெள்ளைக்காரன் ஏற்கெனவே வகுத்துவிட்டான். இரவெல்லாம் எண்ணிப் பார்த்தோம். காலையில், வருகைப் பதிவேட்டைத் திறந்தபோது கிடைத்தது விடை. அகரவரிசை! உயிர் முன்னே, மெய் பின்னே. குறில் முன்னே, நெடில் பின்னே. அதிலே ஆண்டானும் இல்லை, அடிமையும் இல்லை. 1929 பிப்ரவரியிலே செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொல்லித் தீர்மானித்ததே, அதையும் சேர்த்துக்கொண்டோம். அட்டையிலே இயற்பெயர் மட்டும், பட்டுத் துணி இல்லை, மாலை இல்லை, விளக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளைத்தாள், ஒரே நீள விசுப்பலகை.

ஆனால் வெள்ளிப் பதக்கத்துக்கு என்ன பெயர் எழுதுவது? வாலை வைத்துக்கொண்டு அகரவரிசையில் சேர்க்க முடியாதே!

பெயர் என்பது அற்பம் என்று எண்ணிவிடாதீர்கள். பண்டைத் தமிழன் வீழ்ந்த மறவனுக்கு நடுகல் எடுத்தான். கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை அதற்கு ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. அந்தக் கல்லிலே அவன் பெயரைப் பொறித்தான். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையிலே கிடைத்த நடுகல்லைப் பாருங்கள். ஈராயிரம் ஆண்டுக்கும் முந்தைய தமிழி எழுத்து. ஆநிரை கவர்ந்த பூசலிலே வீழ்ந்தவனின் பெயர் அதிலே நிற்கிறது. மன்னனில்லை, மாடு பிடிக்கும் சண்டையிலே மாண்ட ஒருவன்!

உலகாண்ட வெள்ளையன் என்ன செய்தான்? 'இவ்வூரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும்போருக்குச் சென்றனர். இவருள் இத்தனை பேர் உயிர் நீத்தனர்' என்ற பொருளிலே ஊர்தோறும் சலவைக்கல் பதித்தான். தமிழ்நாட்டிலே பழைய தாலுகா அலுவலகச் சுவர்களிலும் பள்ளிச் சுவர்களிலும் இன்றும் பார்க்கலாம். எத்தனை பேர், அவ்வளவுதான். யார் யார்? இல்லை. பாசுராவிலே எழுப்பிய நினைவுச் சின்னத்திலே 40,000க்கு மேற்பட்டோர் நினைவுகூரப்படுகின்றனர். வெள்ளை வீரனுக்குப் பெயர், இந்தியச் சிப்பாய்க்குப் படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கை. பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையமே 2021 ஏப்ரலில் தன் அறிக்கையிலே இதை ஒப்புக்கொண்டது: 45,000 முதல் 54,000 வரையிலான ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் சமமற்ற முறையிலே நினைவுகூரப்பட்டனர், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை, அல்லது எந்த வகையிலும் நினைவுகூரப்படவில்லை. நூறாண்டு கழித்து மன்னிப்பும் கேட்டார்கள்.

அங்கே எண் இருந்தது, பெயர் இல்லை. நம் ஊர் வெள்ளிப் பதக்கத்தில் பெயர் இருந்தது, நாமே அழித்தோம். வெண்கலத்தில் பெயர் இருக்கிறது. எண்ணில் ஒன்றை நான் அழித்தேன் என்று சொல்ல வேண்டியவர் இந்தக் கட்டுரை எழுதுகிறவரே. 'நாம்' என்ற போர்வைக்குள் மறைந்துகொள்ள இந்த ஓர் இடத்திலே மனம் ஒப்பவில்லை.

டிசம்பர் 7 காலை ஏழு மணி. பள்ளி வாயிலிலே வண்டியை நிறுத்திவிட்டு வெள்ளிப் பதக்கத்துப் பெரியவர் வந்தார். கையிலே ஒரு பழைய பத்திரம். இரவு முழுவதும் நிலைப்பெட்டியைக் கிளறினாராம். 1923ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம். இரண்டு ஏக்கர் தோட்டத்தை வாங்கியவர் பெயரும் தகப்பனார் பெயரும் எழுதி, 'பட்டாளத்திலிருந்து வந்தவர்' என்று எழுத்தர் தம் கையாலே குறித்திருக்கிறார்.

"இதானுங்க பேரு" என்று விரலை வைத்துக் காட்டினார். அந்த விரல் சற்றே நடுங்கிற்று. அறுபது வயதிலே பூட்டனை முதன்முதலாகச் சந்தித்த விரல்.

அட்டை எழுதினோம். அகரவரிசையிலே பார்த்தால், அந்தப் பெயர் ஐந்தாவது. அதற்கு முந்தியது, நான்காவது, வெண்கலம். பெரியவர் விசுப்பலகையைத் தலையிலிருந்து கடைவரை பார்த்தார். நான்காவது அட்டையைப் படித்தார். அதன் அடியிலே நாம் எழுதியிருந்ததையும் படித்தார்: 'எண்ணின் முதல் இலக்கம், இந்த ஆண்டு நவம்பரில் இப்பள்ளி ஆசிரியரின் கவனக்குறைவால் அழிந்தது.'

"நீங்களுமுங்களா?" என்றார்.

"நாங்களுந்தானுங்க" என்றோம்.

கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டார். பதக்கத்தைத் தாமே எடுத்து ஐந்தாம் இடத்திலே வைத்தார். இரண்டுக்கும் இடையிலே ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தோம். அதைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. பிள்ளைகள் பெயர்களைப் படிக்கும் நிகழ்ச்சிக்கு நிற்காமல் போய்விட்டார். ஓரமா வைக்கச் சொன்னவர் வரவே இல்லை. வந்தவர்களில் சிலர், விளக்கு இல்லாததால், எங்கே கும்பிடுவது என்று தெரியாமல் நின்றார்கள்; நின்றதால் படித்தார்கள்.

நான்காம் பெயரை அந்த மாணவி படித்தாள். எண்ணையும் படித்தாள், முதல் இலக்கம் வரவேண்டிய இடத்திலே மூச்சளவு நிறுத்திவிட்டு, மற்றவற்றைப் படித்தாள். அவளுடைய அப்பத்தா முன்வரிசையிலே உட்கார்ந்திருந்தார். நிகழ்ச்சி முடிந்ததும் வந்து, "ஏஞ்சாமி, இத்தன வருசம் பெட்டிக்குள்ள கெடந்ததுல பேரு இருக்குதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். நீங்கள் அதைக் கும்பிட்டதில்லையா என்று கேட்டோம். "கூரை ஊட்டுல வெளக்கு வெச்சா ஊடு பத்திக்கும் சாமி" என்றார்.

அந்தப் பெயரை இங்கே எழுத நமக்கு ஆசை. ஆனால் அச்சிலே அதை முதலில் எழுதவேண்டியவள் தானே என்று அம்மாணவி உரிமை கோரியிருக்கிறாள். பள்ளி ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறாள். வழிவிட்டோம்.

இப்போது பிள்ளைகள் ஊர் எல்லைக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். அங்கே புலிகுத்திக்கல் ஒன்று நிற்கிறது. கொங்கு நாட்டிலே பல ஊர்களில் உண்டு, கால்நடையைக் காக்கப் புலியோடு பொருது மாண்டவனின் கல். அதன் மேற்புறத்திலே எழுத்து இருப்பதாக ஒரு பையன் சொல்கிறான். தாளும் கரியும் கொண்டு படியெடுக்கப் போனார்கள். எண்ணெயும் மஞ்சளும் விரற்கடைக் கனத்துக்கு அப்பியிருக்கிறதாம், தாள் ஒட்டவில்லையாம். எண்ணெய்க் காப்பை நிறுத்திக்கொள்ளலாமா என்று வரும் ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்திலே கேட்கப் போகிறோம். நமக்காகப் பேசுவதாக ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்: வெள்ளிப் பதக்கத்துப் பெரியவர்.